குப் சாம்பியன்ஷிப் நடத்துவோருக்கு: விதிகளை மாற்றுவதும் ஆட்ட முறையை அமைப்பதும்

மரத்தடிகளை எறிந்து மரக்கட்டைகளை வீழ்த்தும் குப் ஆட்டத்தின் போட்டிகளில் வரும் சண்டைகளில் பாதிக்கு மேல் திறமை பற்றியவை அல்ல. "போன வருஷம் இப்படி இல்லையே" என்பதில்தான் ஆரம்பிக்கும். அதனால் விதிகளை மாற்றும் வேலையையும் அட்டவணை போடும் வேலையையும் தனித்தனியாகப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்காதீர்கள். ஒரு விதி மாறினால் ஒரு மேட்ச் எடுக்கும் நேரம் மாறும். நேரம் மாறினால் அன்றைய அட்டவணை முழுவதும் நகரும்.

ஆட்டத்தை அறிந்தவர்களுக்கே இந்தக் குறிப்பு என்றாலும், அளவுகளைச் சொல்லிவிடுவது நல்லது. ஸ்வீடனின் காட்லாந்து தீவில், ரோனே என்ற ஊரில் 1995 முதல் நடந்துவரும் உலகப் போட்டியும், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஓ கிளேரில் 2007-இல் தொடங்கிய தேசியப் போட்டியும் 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் கொண்ட களத்தில்தான் ஆடப்படுகின்றன. 5 மீட்டர் பக்கம்தான் அடிக்கோடு. ஒவ்வொரு அடிக்கோட்டிலும் ஐந்து கட்டைகள், நட்டநடுவில் ராஜா, எறிய ஆறு தடிகள். கட்டை ஒன்று 7 செ.மீ. சதுரம், 15 செ.மீ. உயரம். ராஜா 9 செ.மீ. சதுரம், 30 செ.மீ. உயரம். தடி 30 செ.மீ. நீளம், 4.4 செ.மீ. விட்டம்.

எதிரணியின் கட்டைகளை வீழ்த்தி, கடைசியில் ராஜாவை வீழ்த்துபவர் வெல்வார். இடையில் ராஜா விழுந்தால் அந்த நொடியே தோல்வி. விழுந்த கட்டைகளை, அவற்றை இழந்த அணி தன் அடிக்கோட்டிலிருந்து எதிர்ப்பாதிக்குள் எறியும். அங்கே அவை களக்கட்டைகளாக நிமிர்த்தி வைக்கப்படும். முதலில் அவற்றை வீழ்த்திய பிறகுதான் அடிக்கோட்டுக் கட்டைகளைத் தொட முடியும்.

முதல் மாற்றம்: தொடக்க எறிகள்

உங்கள் போட்டியில் தொடங்கும் அணிக்கு இன்னமும் ஆறு தடிகளையும் கொடுத்துக்கொண்டிருந்தால், இந்த ஆண்டு முதலில் மாற்ற வேண்டியது அதுதான். ஐந்து தடியில் ஐந்து கட்டை, ஆறாவது தடியில் ராஜா என்று முடித்துவிட்டால் எதிரணி ஒரு தடிகூடத் தொடாமல் வீடு திரும்பும். நல்ல அணிகளிடையே இது வெறும் கற்பனை அல்ல. அப்படி முடியாவிட்டாலும், முதல் முறையிலேயே மூன்று நான்கு கட்டைகளை இழந்த அணி தன் ஆறு தடிகளையும் களக்கட்டைகளை அகற்றவே செலவழித்துவிட்டு, ஆட்டம் முழுக்கப் பின்னால் ஓடும்.

இதற்குத் தீர்வு 2-4-6. முதல் அணி இரண்டு தடி, அடுத்த அணி நான்கு, பிறகு முதல் அணி ஆறு, அதன்பின் எல்லா முறையும் ஆறு. நான்கு தடியில் யாராலும் ஐந்து கட்டையையும் ராஜாவையும் முடிக்க முடியாது என்பதால் இரு அணிக்கும் ஒரு முழு மூச்சு கிடைக்கிறது.

இந்த ஒரு மாற்றத்தோடு மூன்று விஷயங்களையும் சேர்த்து எழுதியே ஆக வேண்டும். யார் தொடங்குவது? இரு அணியும் ராஜாவை நோக்கி ஆளுக்கொரு தடி எறியட்டும். வீழ்த்தாமல் மிக அருகில் நிறுத்தியவர் தொடங்கலாம். ராஜாவை வீழ்த்திய எறி செல்லாது. அதே மேட்ச்சின் இரண்டாவது ஆட்டத்தை யார் தொடங்குவது? முதல் ஆட்டத்தைத் தொடங்காத அணி. மூன்றாவது ஆட்டத்துக்கு மறுபடி ராஜாவை நோக்கி எறி. கடைசியாக, முதல் இரண்டு தடிகளை யார் எறிவது? இரண்டு வெவ்வேறு ஆட்கள் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அணியின் சிறந்த எறியாளரே இரண்டையும் எறிவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். முழு முறைக்கும் ஒரு வரம்பு வேண்டும்: இருவர் அணியில் ஆளுக்கு மூன்று, மூவர் அணியில் ஆளுக்கு இரண்டு, அறுவர் அணியில் ஆளுக்கு ஒன்று.

எழுதாமல் விட்டால் வெடிக்கும் இடங்கள்

தடியை நுனியில் பிடித்து, கீழ்க்கையாக, முன்பின்னாகச் சுழலும்படி எறிய வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு சாய்ந்தால் தவறு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. செங்குத்திலிருந்து 45 டிகிரி வரை சாயலாம், அதைத் தாண்டிக் கிடையாகச் சுழன்றால் எறி செல்லாது, அதனால் விழுந்த கட்டை நிமிர்த்தப்படும் என்று எழுதுங்கள். கிடையாகச் சுழலும் தடி 30 செ.மீ. அகலத்துக்குப் பெருக்கிக்கொண்டு போகும். குறி தேவையே இல்லாமல் போய்விடும் என்பதுதான் தடைக்குக் காரணம்.

களக்கட்டை உள்ளேயா வெளியேயா என்ற கேள்வியில் நடுவர்கள் அதிகம் திணறுகிறார்கள். கட்டை எல்லைக் கயிற்றின் மேல் குறுக்காகக் கிடக்கிறது என்று வையுங்கள். அதைத் தூக்கக் கூடாது. ஒரு முனை தரையை விட்டு நகராமல், அந்த முனையின் மேலேயே புரட்டி நிமிர்த்த வேண்டும். எந்த முனையில் நிமிர்த்துவது என்பது நிமிர்த்தும் அணியின் விருப்பம். நிமிர்ந்த பின் அடிப்பாகத்தில் பாதிக்கு மேல் கயிற்றுக்கு உள்ளே இருந்தால் கட்டை உள்ளே. இரு முனையிலும் பாதிக்கு மேல் உள்ளே வராவிட்டால் வெளியே. நடுக்கோட்டுக்கும் இதே அளவுகோல். இதைச் செய்யும்போது ஒரு விரலால் கயிற்றைத் தரையோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். தளர்ந்த கயிற்றைக் காலால் அரை அங்குலம் தள்ளிவிட்டுத் தீர்ப்புச் சொல்வது, தெரியாமல் நடந்தாலும் அநியாயம்தான்.

வெளியே போன கட்டைக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அதுவும் வெளியே போனால் அது தண்டனைக் கட்டை. எதிரணி தன் பாதியில் விரும்பிய இடத்தில் அதை நிறுத்தலாம், ஆனால் ராஜாவிலிருந்தும் மூலை முளைகளிலிருந்தும் ஒரு தடி நீளமாவது விலகி இருக்க வேண்டும். இந்த விலக்கு இல்லாவிட்டால் கட்டையை ராஜாவுக்கு முதுகோடு முதுகாக ஒட்டி வைத்துவிடுவார்கள். அதை அடித்தால் ராஜாவும் விழும்.

எறிந்த கட்டைகள் ஒன்றோடொன்று மோதினால் அடுக்கிக் கோபுரமாக்குவதா, தனித்தனியாக நிறுத்துவதா? இரண்டு வழக்கும் இருக்கின்றன. முதல்முறை வரும் அணிகள் அதிகம் என்றால் தனித்தனியாக நிறுத்துங்கள். கோபுரம் ஆட்டத்துக்குச் சுவை கூட்டும், ஆனால் எது எதைத் தொட்டது என்ற விவாதத்தையும் கூடவே கொண்டுவரும்.

இன்னும் சில, ஒவ்வொன்றும் ஒரே வரியில்: களக்கட்டை நிற்கும்போதே அடிக்கோட்டுக் கட்டை விழுந்தால் அது நிமிர்த்தப்படும். ஒரே தடி கடைசிக் களக்கட்டையை வீழ்த்திவிட்டு அடிக்கோட்டுக் கட்டையையும் வீழ்த்தினால் இரண்டும் செல்லும். தடியின் மேல் சாய்ந்து நிற்கும் கட்டை விழுந்ததாகவே கணக்கு. களக்கட்டை மிஞ்சினால், நடுக்கோட்டுக்கு மிக அருகில் நிற்பதன் நேர்கோடு வரை எதிரணி முன்னேறி எறியலாம். ஆனால் ராஜாவுக்கான எறியும், கட்டைகளை உள்ளே எறிவதும் எப்போதும் அடிக்கோட்டிலிருந்துதான். உள்ளே எறியும் கட்டை ராஜாவை வீழ்த்தினால் என்ன என்பதற்கும் பதில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் பரிந்துரை: ராஜா நிமிர்த்தப்படும், அந்த எறி வெளியே போனதாகக் கொள்ளப்படும். தடி பட்டு விழுந்தால் மட்டும் ஆட்டம் போயிற்று, கட்டையில் பட்டுத் தெறித்து வந்த தடியாக இருந்தாலும் சரி.

மாற்றத்தை அறிவிக்கும் முறை

பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் அருகருகே போட்டு, கீழே காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். காரணத்தை ஒரு வரியில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த மாற்றம் இந்த ஆண்டுக்குத் தயாராகவில்லை. அனுப்பும் முன் பத்து ஆட்டமாவது புது விதியில் ஆடிப் பாருங்கள். வலுவான இரு அணிகள், வலுவற்ற இரு அணிகள், கலப்பு என எல்லா ஜோடியிலும் ஆடி, ஒவ்வொன்றும் எடுத்த நிமிடங்களைக் குறியுங்கள். போட்டிக்கு மூன்று வாரம் முன்பே விதித்தாள் எல்லா அணித் தலைவர்களுக்கும் போய்ச்சேர வேண்டும். அதன்பின் திருத்தம் கிடையாது, பாதுகாப்புக் காரணம் ஒன்றைத் தவிர. போட்டியன்று காலைக் கூட்டத்தில் மாறிய விதிகளை மட்டும் வாசியுங்கள். முழுத்தாளையும் வாசித்தால் யார் காதிலும் ஏறாது.

24 அணிக்கு ஒரு நாள்

24 அணி, 12 களம் என்பது ஒரே நாளில் அழகாக அடங்கும் கணக்கு. ஆறு குழு, குழுவுக்கு நான்கு அணி, ஒவ்வொரு அணிக்கும் மூன்று லீக் மேட்ச். சுற்றுக்கு 12 மேட்ச் என்பதால் எல்லா அணியும் ஒரே நேரத்தில் ஆடும், யாரும் சும்மா உட்கார வேண்டியதில்லை. அணிகளுக்குப் பலத்தின்படி 1 முதல் 4 வரை எண் கொடுத்தால் குழுவுக்குள் வரிசை: முதல் சுற்றில் 1-4, 2-3. அடுத்து 1-3, 2-4. கடைசியில் 1-2, 3-4. பலமான இரண்டும் கடைசியில் சந்திப்பதால் குழுவின் முதலிடம் அதுவரை முடிவாகாது.

மூன்று அணிக் குழுக்கள் எட்டு போட்டால் எட்டுக் களமே போதும், ஓய்வில் இருக்கும் அணி நடுவராக நிற்கலாம். ஆனால் தொலைவிலிருந்து வருபவர்களுக்கு இரண்டே லீக் மேட்ச்தான் உறுதி. களம் கிடைக்காத நிலையில் மட்டும் இதை எடுங்கள்.

குழுவில் முதல் இரண்டு இடங்கள் சேர்ந்து 12 அணி, மூன்றாம் இடத்தவரில் சிறந்த நால்வர், ஆக 16 அணிகள் நாக் அவுட்டுக்கு. மிச்சமுள்ள எட்டு அணிகளை அனுப்பிவிடாதீர்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு ஆறுதல் கோப்பை நடத்தலாம். 16 பேர் சுற்றுக்கு எட்டுக் களம், ஆறுதல் காலிறுதிக்கு நான்கு களம், மொத்தம் 12. ஒரு களமும் காலியாக இராது. ஒரே குழுவில் ஆடியவர்கள் நாக் அவுட்டின் முதல் சுற்றிலேயே மறுபடி மோதாதபடி பார்த்து இடம் போடுங்கள்.

எல்லா மேட்ச்சும் மூன்று ஆட்டத்தில் இரண்டு வெற்றி. லீக்கில் 45 நிமிட வரம்பு, 10 நிமிட இடைவெளி. 9 மணிக்குத் தலைவர்கள் கூட்டம், 9.30, 10.25, 11.20 மணிக்கு லீக் சுற்றுகள். 12.05-க்கு முடிந்துவிடும். 1 மணிக்கு நாக் அவுட் அட்டவணை ஒட்டி, 1.15-க்கு ஆட்டம். நாக் அவுட்டில் சுற்றுக்கு 75 நிமிடம் ஒதுக்கி, காலிறுதி வரை 60 நிமிட வரம்பு வையுங்கள். காலிறுதி 2.30, அரையிறுதி 3.45, இறுதி 5 மணி. அரையிறுதிக்கும் இறுதிக்கும் நேர வரம்பு வேண்டவே வேண்டாம். ஒரு சாம்பியனை விசில் தீர்மானிக்கக் கூடாது.

விசில் ஊதியதும்

நேர வரம்பை வைத்துவிட்டு, நேரம் முடிந்தால் என்ன என்று எழுதாமல் விடுவதுதான் அமைப்பாளர்கள் செய்யும் பெரிய தவறு. விசில் அடித்ததும், இரு அணிக்கும் சம முறை வரும்வரை ஆட விடுங்கள். பிறகு தன் அடிக்கோட்டில் அதிகக் கட்டை நிற்கும் அணிக்கு அந்த ஆட்டம். சமமாக இருந்தால் ராஜாவை நோக்கி ஆளுக்கொரு தடி, அருகில் நிறுத்தியவருக்கு ஆட்டம். இதனால் கணக்கு 1-1 ஆனால் மூன்றாவது ஆட்டம் கிடையாது. மூன்று வெவ்வேறு ஆட்கள் ராஜாவை நோக்கி எறியட்டும், மூன்றில் இரண்டு எறிகளை வென்ற அணிக்கு மேட்ச். முதல் ஆட்டமே முடியவில்லை என்றால் அதை எடுத்தவருக்கே மேட்ச்.

வரம்பு வந்தால் கூடவே இழுத்தடிப்பும் வரும். முன்னிலையில் இருப்பவர் ஒவ்வொரு தடிக்கும் நின்று யோசிப்பார். தடிக்கு 20 நொடி, முதல் மீறலுக்கு எச்சரிக்கை, அடுத்ததற்கு அந்தத் தடி பறிபோகும் என்று வைத்தால் போதும்.

குழுவில் சமன் வந்தால் வரிசை இது: வென்ற மேட்ச், நேருக்கு நேர் முடிவு, ஆட்ட வித்தியாசம் (வென்ற ஆட்டங்களில் தோற்றவற்றைக் கழித்தது), கடைசியில் ராஜாவை நோக்கி எறி. மூன்று அணிகள் ஒருவரையொருவர் மாறி மாறித் தோற்கடித்திருந்தால் நேருக்கு நேர் உதவாது. உடனே ஆட்ட வித்தியாசத்துக்குப் போங்கள். வெவ்வேறு குழுக்களின் மூன்றாம் இடத்தவரை ஒப்பிடவும் வென்ற மேட்ச், பிறகு ஆட்ட வித்தியாசம்.

களமும் சாமானும்

12 களத்துக்கு 120 கட்டை, 72 தடி, 12 ராஜா, 72 முளை (ஒரு களத்தின் மூலைகளுக்கு நான்கு, நடுக்கோட்டுக்கு இரண்டு), களத்துக்கு 26 மீட்டர் வீதம் 312 மீட்டர் கயிறு. உபரியாக ஆறு தடியும் நான்கு கட்டையும் வையுங்கள், தடிதான் முதலில் பிளக்கும். ஆறு ஆறாக இரண்டு வரிசை, களங்களுக்கிடையே 3 மீட்டர், வரிசைகளுக்கிடையே 5 மீட்டர், சுற்றிலும் இடம் விட்டால் ஏறக்குறைய 51-க்கு 30 மீட்டர் புல்தரை வேண்டும்.

நான்கு பக்கமும் சரியாக இருந்தாலும் களம் கோணலாக இருக்கலாம். மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். இரண்டும் 9.43 மீட்டர் வர வேண்டும். ஒன்று 9.60, மற்றொன்று 9.27 என்று வந்தால் மூலைகளை நகர்த்துங்கள். சிறுவர் பிரிவுக்கு நீளத்தை 6 மீட்டராகக் குறைத்தால் மூலைவிட்டம் 7.81. சரிவான தரையில் களத்தைச் சரிவுக்குக் குறுக்காகப் போடுங்கள். நெடுக்காகப் போட்டால் ஒரு அணி ஆட்டம் முழுக்க மேட்டை நோக்கி எறியும். ஆட்டத்துக்கு ஆட்டம் பக்கம் மாறுவது எப்படியும் கட்டாயம்.

மழை பெய்தால் தடி வழுக்கும், கையிலிருந்து பக்கவாட்டில் பறக்கும். களத்துக்கு இரண்டு துண்டு வையுங்கள், பார்வையாளரை அடிக்கோட்டுக்குப் பின்னால் 4 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இடி கேட்டால் கட்டைகளை நின்றபடியே, தடிகளைக் கிடந்தபடியே விட்டு, நடுவர் களத்தின் நிலையைப் படம் எடுத்துக்கொண்டு எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். மேட்ச் முடிந்ததும் முடிவுத்தாளில் ஆட்டக் கணக்கு, வரம்பில் முடிந்ததா என்ற குறி, இரு தலைவர்களின் கையெழுத்து ஆகிய மூன்றும் இல்லாமல் மேசையில் வாங்க வேண்டாம்.