கூட்டத்துக்குப் போகும் முன் கதையைக் காதால் கேளுங்கள்

தண்டையார்பேட்டையில் ஞாயிறு மாலை நாங்கள் நாலைந்து பேர் கூடிக் கதை வாசிப்போம். அதற்கு முன் நான் செய்கிற ஒரு வேலை: கதையைச் சத்தமாக வாசித்து செல்பேசியில் பதிவு செய்துகொள்வேன். மறுநாள் வேலைக்குப் போகும்போது அதைக் கேட்பேன். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததில் இதற்கு வசதி. மின்சார ரயிலில் மீன்கூடைக்காரம்மாக்களின் பேச்சுக்கு முன்னால் என் கதை எடுபடாது. (அவர்கள் பேச்சே மேல் என்பது வேறு விஷயம்.)

கேட்கும்போதே திருத்த வேண்டாம். எந்த இடத்தில் கவனம் கலைந்ததோ, அந்த நிமிடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பெரும்பாலும் வர்ணனையாக இருக்கும்.

வசனத்தில்தான் காது அதிகம் உதவுகிறது. நம்ம ஏரியா பேச்சு என்று ‘இன்னா’, ‘கீது’, ‘வந்துக்கினு’ எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைத்தால் சினிமா ரவுடி பேசுவது போல ஒலிக்கும். வரிக்கு ஒன்று போதும். யாரிடம் பேசுகிறார் என்பதையும் பாருங்கள்: காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர் பேங்க் கவுன்ட்டரில் அதே மாதிரி பேச மாட்டார்.

அப்புறம், நேரம். 1,000 சொல் வாசிக்க எனக்கு 10 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. டீ வருவதற்குள் கதை முடியுமா என்பது பதிவிலேயே தெரிந்துவிடும். டீ வந்தபிறகு எங்கள் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.