1776-லிருந்து நேராக 1789-க்குத் தாவாதீர்கள்: அமெரிக்க அரசியலமைப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் அரசியல் அறிவியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மொத்தம் 32 தாள். அமெரிக்க அரசியலமைப்பு உருவான பின்னணியை எழுதச் சொல்லியிருந்தேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏறக்குறைய இப்படித்தான் எழுதியிருந்தார்கள்: 1776-ல் அமெரிக்கா விடுதலையை அறிவித்தது, அரசியலமைப்பு எழுதப்பட்டது, வாஷிங்டன் முதல் அதிபர் ஆனார். அவ்வளவுதான். நடுவே 13 ஆண்டுகளைக் காணோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். படிக்கிற காலத்தில் நானும் அச்சு அசலாக இதையேதான் எழுதினேன், அதற்கு விலையும் கொடுத்தேன்.

ஆண்டை மாற்றி எழுதுவது, பெயர்களில் எழுத்துப் பிழை, இதெல்லாம் இரண்டாம் முறை படிக்கும்போது தானாகச் சரியாகிவிடும். படிக்கப் படிக்க இன்னும் ஆழமாக வேரூன்றுகிற தவறுகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கூட்டமைப்பு விதிகளைத் தாண்டிக் குதிப்பது

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். எதிரே இருந்த அம்மா ஒருவர் கேட்டார்: "1783-ல் பாரிஸ் உடன்படிக்கையோடு பிரிட்டனுடனான விடுதலைப் போர் முடிகிறது. வாஷிங்டன் அதிபராகப் பதவியேற்பது 1789-ல். நடுவில் அந்த நாடு எந்தச் சட்டப்படி நடந்தது, யார் நடத்தினார்கள்?" நான் தயங்காமல் "வாஷிங்டன்தான்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அவர் 1783 டிசம்பரிலேயே படைத் தலைமையை விட்டுவிட்டு மவுண்ட் வெர்னான் பண்ணைக்குப் போய்விட்டாரே தம்பி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கோப்பை மூடினார். வேலை கிடைக்கவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து, பாடநூலில் நான் எப்போதும் புரட்டித் தள்ளிவிடும் அந்த இரண்டு பக்கங்களை முதல்முறையாக உட்கார்ந்து படித்தேன்.

அந்த நடுக்காலத்தில் இருந்தது கூட்டமைப்பு விதிகள் என்ற வேறொரு சாசனம். 1777 நவம்பரில் மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடிய சபையான காங்கிரஸ் அதை ஏற்றது. மேற்கே உள்ள நிலங்களுக்கு வர்ஜீனியா போன்ற பெரிய மாநிலங்கள் உரிமை கொண்டாடியதால் மேரிலாந்து கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தது, அதனால் 1781 மார்ச் 1-ல்தான் அது நடைமுறைக்கு வந்தது. பெரிய மாநிலமோ சின்ன மாநிலமோ, ஆளுக்கு ஒரே ஓட்டு. தனியான நிர்வாகத் தலைவர் கிடையாது, மத்திய நீதித்துறை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியம், காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே இல்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். போரில் சண்டை போட்ட சிப்பாய்களுக்குச் சம்பளப் பாக்கி, வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவும் வழியில்லை.

சரி, திருத்திக்கொள்ளலாமே என்றால், திருத்தத்துக்கு 13 மாநிலங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். இறக்குமதிப் பொருள்களுக்கு 5 சதவீதம் வரி போடக் காங்கிரஸ் 1781-ல் அனுமதி கேட்டது. ரோட் ஐலண்டு என்ற ஒரே ஒரு குட்டி மாநிலம் மறுத்தது, திட்டம் படுத்துவிட்டது. 1783-ல் மறுபடி முயன்றார்கள், அந்த முறை நியூயார்க்கால் நின்றுபோனது.

இந்த நிலையில்தான் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் கடனிலும் வரியிலும் நிலத்தை இழந்துகொண்டிருந்த விவசாயிகள் 1786-ல் நீதிமன்றங்களை முற்றுகையிட்டார்கள். அவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸ், விடுதலைப் போரில் கேப்டனாக இருந்தவர். 1787 ஜனவரியில் அவர்கள் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கி நடந்தபோது காங்கிரஸிடம் அனுப்புவதற்குப் படை இல்லை, படை திரட்டக் காசும் இல்லை. பாஸ்டன் வணிகர்கள் சொந்தப் பணம் போட்டுப் படை சேர்க்க வேண்டியதாயிற்று. நான்கே மாதத்தில், மே மாதம், புதிய அரசியலமைப்பை எழுதிய மாநாடு பிலடெல்பியாவில் கூடுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு அரசியலமைப்பின் முதல் பிரிவில் எட்டாவது உட்பிரிவைத் திறந்து பாருங்கள். காங்கிரஸின் அதிகாரங்களில் முதலாவதாக நிற்பது வரி விதிக்கும் அதிகாரம். கொஞ்சம் கீழே மாநிலங்களுக்கு இடையேயான வணிகம். இன்னும் கீழே கலகத்தை அடக்கக் குடிமக்கள் படையை அழைக்கும் அதிகாரம். இரண்டாம் பிரிவில் அதிபர் வருகிறார், மூன்றாம் பிரிவில் உச்ச நீதிமன்றம் வருகிறது. திருத்தத்துக்கு இனி எல்லாரும் தேவையில்லை, நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் போதும். ஒவ்வொரு வாசகத்துக்கும் பின்னால் ஒரு பழைய அடி இருக்கிறது. அடி எங்கே பட்டது என்று தெரியாமல் மருந்துப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள்தான் தேர்வு முடிந்த மறுவாரமே எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் மனது ஆறுவதில்லை.

முகப்புரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1787 ஆகஸ்ட் வரைவில் "நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்டு..." என்று மாநிலங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. செப்டம்பரில் கூவர்னூர் மாரிஸ் என்ற மாநாட்டு உறுப்பினர் நடையைச் செப்பனிட்டபோது அந்தப் பெயர்கள் போய் "ஐக்கிய மாநிலங்களின் மக்களாகிய நாங்கள்" என்று ஆனது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வர ஒன்பது மாநிலங்கள் ஒப்பினால் போதும் என்று ஏழாம் பிரிவு சொல்கிறது. எந்த ஒன்பது என்று அப்போது யாருக்குத் தெரியும்? ரோட் ஐலண்டு மாநாட்டுக்கு ஆளே அனுப்பவில்லை. கடைசியில் 1790 மே மாதம், 34-க்கு 32 என்ற ஓட்டில்தான் உள்ளே வந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் அந்தத் தொடக்க வரிக்குள் இப்படியொரு நடைமுறைச் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

என் வகுப்பில் இப்போது நோட்டின் நடுவே ஒரு கோடு போடச் சொல்கிறேன். இடப்பக்கம் கூட்டமைப்பு விதிகளின் ஓட்டை, வலப்பக்கம் அதை அடைத்த பிரிவு. ஒரு மணி நேர வேலைதான். செய்து பாருங்கள்.

அரசியலமைப்பை ஜெஃபர்சன் எழுதினார் என்பது

இல்லை. அவர் எழுதியது 1776 விடுதலைப் பிரகடனத்தை. மாநாடு நடந்தபோது அவர் பாரிஸில் தூதராக இருந்தார். இன்னொரு விடுதலைத் தலைவரான ஜான் ஆடம்ஸ் லண்டனில் தூதர்.

ஐந்தில் மூன்று பங்கைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது

"கறுப்பின மக்களுக்கு ஐந்தில் மூன்று பங்கு வாக்குரிமை தரப்பட்டது" என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. அடிமைகளுக்கு ஓட்டே கிடையாது. பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடம், நேரடி வரியில் எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட அவர்களை ஐந்தில் மூன்றாக எண்ணினார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய தலைகளை எண்ணி, அவர்களை அடிமையாக வைத்திருந்தவர்களின் மாநிலங்கள் கூடுதல் இடங்களைப் பெற்றன. முழுதாக எண்ண வேண்டும் என்று கேட்டது தென்மாநிலத்தார்தான். மூலச் சாசனத்தில் "அடிமை" என்ற சொல்லே வராது, "மற்ற நபர்கள்" என்று இருக்கும். அடிமை முறை என்ற சொல் முதன்முதலாக நுழைவது அதை ஒழித்த 13-ம் திருத்தத்தில், 1865-ல்.

அதிகாரப் பிரிவினையைச் சுவர் என்று நினைப்பது

சட்டம் இயற்றுவது காங்கிரஸ், நிறைவேற்றுவது அதிபர், தீர்ப்புச் சொல்வது நீதிமன்றம் என்று மூன்று கட்டம் போட்டுவிட்டுப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் காங்கிரஸின் மசோதாவை அதிபர் வீட்டோ செய்து தடுக்கலாம், அதைக் காங்கிரஸின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் மீறலாம். நீதிபதியை அதிபர் நியமிக்கக் காங்கிரஸின் மேலவையான செனட் சம்மதிக்க வேண்டும். படைகளுக்குத் தலைவர் அதிபர், போரை அறிவிப்பது காங்கிரஸ். ஒருவர் சமையலறைக்குள் இன்னொருவர் நுழைந்து உப்புப் பார்க்கும்படிதான் வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள்.

உரிமைகள் மசோதா முதல் நாளிலிருந்தே இருந்தது என்பது

குடிமக்களின் உரிமைகளைச் சொல்லும் முதல் பத்துத் திருத்தங்களுக்குத்தான் அந்தப் பெயர். அப்படியொன்று இல்லை என்பதும் ஒரு காரணமாகத்தான் ஜார்ஜ் மேசன் என்ற மாநாட்டு உறுப்பினர் அரசியலமைப்பில் கையெழுத்துப் போட மறுத்தார். காங்கிரஸ் அனுப்பிய 12 திருத்தங்களில் பத்து 1791 டிசம்பரில் நிறைவேறின. விட்டுப்போன இரண்டில் ஒன்று 1992-ல் 27-ம் திருத்தமாக வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தப் பத்தும் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1833-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1868-ல் 14-ம் திருத்தம் வந்து, அதன் வழியாக 20-ம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகத்தான் பெரும்பாலான உரிமைகள் மாநிலங்களையும் கட்டுப்படுத்தத் தொடங்கின.

நம் ஊர் அமைப்பை அங்கே பொருத்திப் பார்ப்பது

அங்கே ஆளுநரை மாநில மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அமைச்சர்கள் காங்கிரஸில் உறுப்பினராக இருக்க முடியாது. எஞ்சிய அதிகாரம் இங்கே ஒன்றியத்திடம், அங்கே மாநிலங்களிடமும் மக்களிடமும்.

உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது பேர் என்று சாசனம் சொல்கிறது என்பது

சொல்லவில்லை. 1789-ல் ஆறு பேர். எண்ணிக்கையைச் சாதாரணச் சட்டத்தாலேயே மாற்றலாம், 1869-லிருந்து ஒன்பது.