பூட்டிய அஞ்சல் பெட்டியும் பன்னிரண்டு சொற்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். கூட வந்த தங்கச்சி கைப்பேசியை நீட்டி, "அண்ணே, நானும் பாதுகாப்பான மின்னஞ்சல் திறந்துட்டேன், பாருங்க" என்றாள். கடவுச்சொல் மறந்தால் பெட்டியைத் திறக்க உதவும் மீட்புச் சொற்கள் வந்த திரையை என்ன செய்தாய் என்று கேட்டேன். "அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிட்டேன்" என்றாள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் தள்ளினேன்.

சிறு கடைகளுக்கும் டியூஷன் மையங்களுக்கும் மின்னஞ்சல் அமைத்துக் கொடுப்பது என் வேலை. கடவுச்சொல்லில் பிறந்த தேதி வைக்காதே, தெரியாத லிங்கைத் தட்டாதே என்பதெல்லாம் எல்லோரும் கேட்டுச் சலித்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன். அனுப்பியவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும், சேவை நடத்துபவர்கள்கூட, படிக்க முடியாதபடி கடிதத்தைக் குறியாக்கம் செய்வதைத்தான் இங்கே பூட்டு, இரு முனைப் பூட்டு என்கிறேன். அப்படிப்பட்ட சேவைகளில் நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லாப் பக்கமும் பூட்டு இருக்கிறது என்று நம்புவது

செந்தூலில் கணக்கு எழுதும் ஐயா ஒருவர் புரோட்டான் என்ற சுவிஸ் நாட்டுப் பூட்டிய மின்னஞ்சல் சேவைக்கு மாறினார். மாறிய கையோடு, வாடிக்கையாளர்களின் ஐசி (அடையாள அட்டை) நகல், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் அவரவர் ஜிமெயிலுக்கு அனுப்பத் தொடங்கினார். "இப்ப எல்லாம் பூட்டித்தானே போகுது?" என்று கேட்டார். இல்லை, ஐயா. இரு முனையும் பூட்டியிருக்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கமும் அதே சேவையில் இருக்க வேண்டும், அல்லது பிஜிபி என்ற பூட்டும் முறைக்கான சாவி வைத்திருக்க வேண்டும். ஜிமெயிலுக்குப் போகும் கடிதத்துக்கு வழியில் பாதுகாப்பு உண்டு. போய்ச் சேர்ந்ததும் அந்த நிறுவனத்தின் கணினியால் படிக்கக்கூடிய சாதாரணக் கடிதம்தான் அது.

புரோட்டான், அதைப் போன்ற இன்னொரு சேவையான டூட்டா இரண்டிலும் வெளி ஆட்களுக்குக் கடவுச்சொல் போட்ட கடிதம் அனுப்பும் வசதி இருக்கிறது. ஐசி நகலை அப்படி அனுப்புங்கள். கடவுச்சொல்லைப் போன் போட்டுச் சொல்லுங்கள், இன்னொரு மின்னஞ்சலில் எழுதாதீர்கள்.

தலைப்பு வரியில் விஷயத்தை எழுதுவது

பிஜிபி என்பது 1991-ல் ஃபில் சிம்மர்மேன் வெளியிட்டது. புரோட்டான் போன்ற சேவைகள் அந்த வழியில் வந்தவை. அந்த முறையில் கடிதத்தின் உடலும் இணைப்புகளும்தான் இரு முனைப் பூட்டுக்குள் வரும். தலைப்பு வரி வராது. டூட்டா தலைப்பையும் பூட்டுகிறது. ஆனால் கடிதத்தைக் கொண்டு சேர்க்க வேண்டுமே, அதனால் யார் யாருக்கு அனுப்பினார் என்ற விவரம் எங்கே போனாலும் சேவைக்குத் தெரியத்தான் செய்யும். "பயாப்ஸி ரிசல்ட்" என்று தலைப்பு போட்டுவிட்டு உள்ளே பூட்டி என்ன பயன்?

மீட்புச் சொற்களைத் தள்ளிவிடுவது

இந்தத் தவறைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பொறுக்காது.

வழக்கமான மின்னஞ்சலில் கடவுச்சொல்லை மறந்தால் குறுஞ்செய்தி வரும், புதிதாக மாற்றுவீர்கள், உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். அதே நினைப்போடு பூட்டிய சேவைக்கு வருகிறோம். இங்கே கடிதங்களைத் திறக்கும் ரகசியச் சாவியே உங்கள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டுத்தான் அவர்கள் கணினியில் கிடக்கிறது. அந்தக் கடவுச்சொல் அவர்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே அங்கே போனோம்! அதனால் குறுஞ்செய்தி வழியாகக் கடவுச்சொல்லை மாற்றினால் கணக்கு திறக்கும், புதுச் சாவி ஒன்று உருவாகும், பழைய கடிதங்கள் பழைய சாவியோடு பூட்டியபடியே நிற்கும். டூட்டாவில் குறுஞ்செய்தி வழியே கிடையாது. மீட்புக் குறியீடும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை என்றால் கணக்கே கைவிட்டுப் போகும்.

என் அப்பா ஈப்போவில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு தமிழில் தட்டச்சு பழகி, வாரம் ஒரு கடிதம் எழுதுவார். கடைசி இரண்டு வருடக் கடிதங்கள் அத்தனையும் நான் புதிதாகத் திறந்த பூட்டிய பெட்டிக்குத்தான் வந்தன. அவர் தவறி நாலு மாதத்தில் என் கைப்பேசி பழுதானது. புதியதில் நுழையப் பார்த்தால் கடவுச்சொல் நினைவில் இல்லை. குறுஞ்செய்தி வழியாக மாற்றினேன். பெட்டி திறந்தது. பட்டியல் அப்படியே இருந்தது: "மழை", "கும்பாபிஷேகம்", "அம்மா போட்டோ கிடைத்தது". எதைத் தட்டினாலும் உள்ளே புரியாத எழுத்துக் குவியல். உதவிப் பிரிவுக்கு எழுதினேன். எங்களிடம் உங்கள் சாவி இல்லை, பழைய கடவுச்சொல் அல்லது மீட்புச் சொற்கள் இருந்தால் மட்டுமே திறக்க முடியும் என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது உண்மை. அந்தச் சொற்கள் என் திரையில் வந்தன, நான்தான் தள்ளிவிட்டேன். அப்பாவின் கணக்குக்குக் கடவுச்சொல் எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தப் பட்டியலை நான் இன்னும் அழிக்கவில்லை.

புரோட்டானில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் தருவார்கள். டூட்டாவில் 64 எழுத்துகள் கொண்ட குறியீடு. கணக்கு திறந்த அன்றே பேனாவால் தாளில் எழுதுங்கள். வரிசை மாறக்கூடாது, ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு படி எழுதி, ஒன்றை வீட்டுப் பத்திரத்தோடும் மற்றொன்றை அக்கா, தம்பி என்று நம்பிக்கையான ஒருவர் வீட்டிலும் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதும் இதுவும் ஒன்றுதான். அந்தச் சொற்களை அதே மின்னஞ்சலில் வரைவாகச் சேமித்தவரும் உண்டு. பூட்டிய பெட்டிக்குள் அதன் சாவி!

எழுதியதோடு விடாதீர்கள். பெட்டி காலியாக இருக்கும்போதே உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம் அனுப்பி, வெளியேறி, "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதைத் தட்டி, தாளைப் பார்த்து உள்ளே வாருங்கள். அந்தக் கடிதம் திறந்தால் தாள் சரி. தங்கச்சியை அன்றைக்கே அமைப்புகளுக்குள் போகச் சொல்லி, பில்லின் பின்பக்கம் எழுத வைத்தேன். சோதித்தபோது ஏழாவது சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது தெரிந்தது. வீட்டுக்குப் போய் நல்ல தாளில் எழுதிவிட்டு எனக்குப் போன் செய்தாள். பிறகு எப்போதாவது புதுச் சொற்கள் உருவாக்கினால் பழைய தாள் செல்லாது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

சுவிஸ் என்றால் சட்டம் தொடாது என்று நினைப்பது

தொடும். 2021-ல் பிரான்ஸ் காவல்துறையின் வேண்டுகோளின்பேரில் சுவிஸ் அதிகாரிகள் உத்தரவிட்டபோது, காலநிலைப் போராட்டக்காரர் ஒருவரின் ஐபி முகவரியை (இணையத்தில் அவருடைய இணைப்பைக் காட்டும் எண்ணை) புரோட்டான் பதிவு செய்து கொடுக்க வேண்டிவந்தது. கடிதங்களைக் கொடுக்கவில்லை, அவற்றைத் திறக்க அவர்களாலேயே முடியாது. பூட்டு உங்கள் எழுத்தைக் காக்கும்; நீங்கள் யார் என்பதை மறைப்பது வேறு வேலை.

விபிஎன் வாங்கினால் போதும் என்பது

போதாது. விபிஎன் உங்கள் ஐபி முகவரியை மறைக்கும் சேவை; கடிதத்தை அது பூட்டாது.

இலவசக் கணக்கைத் திறந்துவிட்டு மறப்பது

டூட்டா இலவசக் கணக்கை ஆறு மாதம் தொடாவிட்டால் நீக்கிவிடுவார்கள்.

பழைய முகவரியை அவசரமாக மூடுவது

வங்கி, இபிஎஃப் (சேமநிதி), எல்எச்டிஎன் (வருமான வரி வாரியம்), பிள்ளைகளின் பள்ளி என்று பழைய முகவரி எங்கெங்கே கொடுத்திருக்கிறது என்பது உட்கார்ந்து யோசித்தால் முழுவதும் நினைவுக்கு வராது. ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பழையதை ஒரு முழு வருடமாவது திறந்து வையுங்கள். வருமான வரிக் காலம் ஒருமுறை, கார் இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு ஒருமுறை வந்து போகட்டும். அதில் வரும் கடிதங்களைப் பார்த்தாலே, இன்னும் யாரிடமெல்லாம் முகவரி மாற்றவில்லை என்று தெரிந்துவிடும்.