உள்ளூராட்சித் தேர்தல் முடிவு: செய்தி எழுதுவோர் விடும் பிழைகள்

2025 மே 6 இரவு இலங்கையில் முடிவுகள் வரத் தொடங்கியதுமே "இன்ன சபை இன்ன கட்சி வசம்" என்ற வரி எங்கும் பறந்தது. 2018 தேர்தலிலும் விட்ட அதே பிழை. எழுத்துப் பிழை, கூட்டல் பிழையெல்லாம் மறுநாளே திருத்திவிடலாம். இது அப்படியல்ல.

முதலிடம் வேறு, ஆட்சி வேறு

கொழும்பு மாநகர சபைக்கு 117 உறுப்பினர்கள். பெரும்பான்மைக்கு 59 வேண்டும். தேசிய மக்கள் சக்திக்கு 48, ஐக்கிய மக்கள் சக்திக்கு 29, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 13. அன்றிரவு சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: முதலிடக் கட்சிக்கு இன்னும் 11 பேர் தேவை.

ஒரு கட்சியோ சுயேச்சைக் குழுவோ மொத்த உறுப்பினரில் பாதியை எட்டினால்தான் மேயரையோ (நகர, பிரதேச சபைகளில்) தவிசாளரையோ அதுவே பெயர் குறிப்பிடலாம். எட்டாவிட்டால் மாகாண உள்ளூராட்சி ஆணையாளர் முதல் அமர்வைக் கூட்டுவார். உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். அந்த வாக்கெடுப்பு பகிரங்கமா, இரகசியமா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். கொழும்பில் ஜூன் 16 அன்று இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசாருக்கு 61, எதிரணி வேட்பாளருக்கு 54. நான்கு வாக்கு இடம் மாறியிருந்தால் மேயரே வேறு. மே மாதமே "கைப்பற்றியது" என்று எழுதியவர்களின் கணிப்பு பலித்தது உண்மை. ஆனாலும் எழுதிய நாளில் அது செய்தி அல்ல, ஊகம்.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 45 பேர் கொண்ட மாநகர சபையில் தமிழரசுக் கட்சிக்கு 13தான். மேயர் பதவி அதற்கே போனது, பிற கட்சியினரும் ஆதரித்ததால்.

வட்டார வெற்றியை மட்டும் எண்ணுவது

ஆசனங்களில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் கட்சிகளின் வாக்கு வீதத்தை வைத்து நிரப்பும் பட்டியல். 40 பேர் சபையில் 24 வட்டாரம் என்று வையுங்கள். ஒரு கட்சி 17 வட்டாரத்தை வென்றால் வரைபடம் முழுக்க அதன் நிறம்தான். ஆனால் அதன் வாக்கு 45 வீதமென்றால் உரித்து, அதாவது வாக்கு வீதப்படி சேர வேண்டிய மொத்தப் பங்கு, 18 ஆசனம். அதில் 17 கழியும். பட்டியலில் கிடைப்பது ஒன்றே ஒன்று. எதிரே 22 பேர். உரித்தைவிடக் கூடுதலாக வட்டாரம் வென்றால் சபையின் எண்ணிக்கையே கூடும்; அப்போது பெரும்பான்மையை மீண்டும் கணக்கிடுங்கள்.

பொதுத் தேர்தலோடு ஒப்பிடுவது

தேசிய மக்கள் சக்தியின் வாக்கு 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 61.56 வீதம், 2025 மேயில் 43.26. சரிவு மெய்தான். ஆனால் சபைத் தேர்தலில் உள்ளூர்ச் சுயேச்சைக் குழுக்களும் வாக்கைப் பிரிக்கும். அதைச் சொல்லாமல் இரண்டு எண்ணையும் அருகருகே வைக்காதீர்கள்.

நாடளாவிய வீதத்தில் தமிழரசுக் கட்சியை அளப்பது

அதன் களம் வடக்கு, கிழக்குதான்; அங்குள்ள சபைகளை மட்டும் எடுங்கள்.