வளர்ப்பு எலி: அது பேசவில்லை, மூச்சுக்குத் திணறுகிறது

எலி வளர்க்க ஆசைப்பட்டு நிறையப் பேர் விசாரிக்கிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் கேட்கிற கேள்விகளைப் பார்த்தால், ஆரம்பத்தில் நாங்கள் எந்தக் குழியில் விழுந்தோமோ அதே குழிக்கு வரிசையில் வந்து நிற்பது தெரிகிறது. தண்ணீர் வைக்க மறக்காதே, பூனை இருக்கும் அறையில் திறந்து விடாதே என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன். கவனமாக இருக்கிற, நாலு இடத்தில் படித்துவிட்டு வருகிற ஆட்களே செய்கிற தவறுகள்தான் கீழே இருப்பவை.

"ஒன்று போதும், என்னோடு ஒட்டிக்கொள்ளும்"

ஒட்டிக்கொள்ளும்தான், அதற்கு வேறு நாதி இல்லாததால். எலி கூட்டமாக வாழும் பிராணி. ஒன்றன் மேல் ஒன்று படுத்துத் தூங்கும், ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும், புரண்டு மல்லுக்கட்டும். இதெல்லாம் பெரும்பாலும் நீங்கள் தூங்குகிற நேரத்தில் நடக்கும் சங்கதி. அந்த நேரத்தில் அதற்கு யார் துணை? குறைந்தது இரண்டு வேண்டும். மூன்றாக இருந்தால் இன்னும் நல்லது, ஒன்று போய்விட்டாலும் மிச்சம் உள்ளது தனித்துப்போகாது. ஜோடியாக வளர்த்தால் மனிதரிடம் ஒட்டாது என்பது வெறும் பேச்சு. துணை இருக்கிற எலிக்குப் பயம் குறைவு, அதனாலேயே கைக்குச் சீக்கிரம் வரும்.

"இரண்டும் பெண்தான் என்றார்கள்"

யார் சொன்னாலும் சரி, குட்டியைக் கையில் ஏந்தி அடிப்பக்கத்தை நீங்களே பாருங்கள். ஆணுக்கு விதைப்பை சில வாரங்களிலேயே துருத்திக்கொண்டு தெரியும், ஆனால் பயந்தாலோ குளிர்ந்தாலோ விதைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும், அங்கேதான் ஏமாறுகிறோம். அதனால் சிறுநீர்த் துவாரத்துக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள், ஆணுக்கு அது பெண்ணைவிட நன்றாகவே அதிகம். பெண்ணுக்கு வயிற்றில் முலைக்காம்புகள் வரிசையாக இருக்கும். 5 வாரத்திலேயே சேரக்கூடிய பிராணி இது. பெண்ணுக்கு 4, 5 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும், கர்ப்பம் 21 முதல் 23 நாள், ஒரே ஈற்றில் பத்துப் பன்னிரண்டு குட்டிகள் சாதாரணம், ஈன்ற 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் சினைப்பிடிக்கும். அண்ணன் தங்கை என்ற கணக்கெல்லாம் அவற்றுக்குக் கிடையாது.

மூச்சோடு வரும் சத்தம்

இதை மட்டும் நீளமாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இத்தனை காலத்துக்குப் பிறகும் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

தெரிந்த ஒருவர் ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். "கேளுங்க, தோள்ல உட்கார்ந்தா இப்படித்தான் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுது." கேட்டேன். கீச், கீச், கீச் என்று ஒரே சீராக, மூச்சுக்கு ஒரு தரம். பெரிய கூண்டு, தொங்கும் துணிப் படுக்கை, ஏறி விளையாடக் கயிறு என்று வேறு எதிலும் குறை வைக்காதவர். இது பேச்சு இல்லை, மூக்கோ நெஞ்சோ அடைத்திருக்கிறது, சீக்கிரம் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள் என்றேன். நன்றாகச் சாப்பிடுகிறதே, ஓடியாடுகிறதே, வந்த நாளிலிருந்தே இப்படித்தானே என்றார். கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றும் சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த எலி முடியைச் சிலிர்த்துக்கொண்டு, முதுகைக் கூனி, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வர மூலையில் உட்கார்ந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார். அதற்குள் நுரையீரல் கெட்டுவிட்டது. பிழைத்தது, ஆனால் மருந்து நின்றால் மூச்சு நிற்கும் என்கிற நிலையில்தான் மிச்ச காலம் ஓடியது. இதே கதையை வேறு வேறு ஆட்களிடம் கேட்டாகிவிட்டது. "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்ற வரியும் மாறுவதே இல்லை.

எலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாது. விளையாடும்போது எழுப்பும் ஒலி சுமார் 50 கிலோஹெர்ட்ஸ், பயத்தில் எழுப்புவது சுமார் 22. நமக்கு 20 தாண்டினால் கேட்காது. சண்டையில் ஒரு கிறீச், சுகமாக இருந்தால் பல்லை நறநறவென்று அரைப்பது, இவ்வளவுதான் நம் காதில் விழுவது. மூச்சோடு மூச்சாக ஒரு சத்தம் வந்தால் அது நோய்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற பாக்டீரியா. வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவற்றின் உடம்பில் இது இருக்கிறது, தாயிடமிருந்தே வந்துவிடும். உடம்பு நன்றாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். இடமாற்றம், தூசு, சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா, வேறொரு தொற்று என்று ஏதாவது ஒன்று இடித்தால் தலைதூக்கும். மருந்து கொடுத்து அடக்கலாம், அடியோடு ஒழிக்க முடியாது. அதனால்தான் எவ்வளவு சீக்கிரம் அடக்குகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது.

புது வீட்டுக்கு வந்த எலி சில நாள் தும்மும், அது பரவாயில்லை. தும்மல் குறையாமல் கூடிக்கொண்டே போனால் பரவாயில்லை என்று சொல்லாதீர்கள். கரகரப்பு, விசில், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது என்றால் அன்றைக்கே கிளம்புங்கள். கண் ஓரத்திலும் மூக்கிலும் சிவப்பாக ஒட்டியிருப்பதைப் பார்த்து ரத்தம் என்று அலறுகிறவர்களும் உண்டு. அது பெரும்பாலும் ரத்தம் இல்லை, கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற நிறமி. தூங்கி எழுந்ததும் லேசாக இருந்தால் நக்கித் துடைத்துக்கொள்ளும். துடைக்காமல் அப்படியே காய்ந்து கிடந்தால் எலிக்கு உடம்பு சரியில்லை, அல்லது ஏதோ ஒன்று அதை வாட்டுகிறது.

ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எலி நன்றாக இருக்கும் நாளிலேயே அதைத் தூக்கி, போனைக் காதில் வைக்கிற மாதிரி அதன் விலாவைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். ஒன்றும் கேட்கக் கூடாது. அந்த அமைதி எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் பிறகு மாறும்போது தெரியும். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். எலி நோயை மறைக்கும், எடையை மறைக்க முடியாது.

அப்புறம் இந்த வீட்டு வைத்தியம். மிச்சம் கிடந்த அமாக்ஸிசிலினைக் கரைத்துக் கொடுத்தேன், கேட்கவில்லை என்று வந்து நிற்கிறார்கள். எப்படிக் கேட்கும்? அந்த வகை மருந்து பாக்டீரியாவின் செல் சுவரைத் தாக்குவது, மைக்கோபிளாஸ்மாவுக்கு அந்தச் சுவரே கிடையாது. டாக்ஸிசைக்ளின், என்ரோஃப்ளாக்ஸசின் போன்ற வேறு வகை மருந்துகளை மருத்துவர் எலியின் எடையைப் பார்த்து எழுதிக் கொடுப்பார். வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். மூன்றாம் நாளே தெளிந்துவிட்டது என்று நிறுத்தினால் திரும்பி வரும்போது இன்னும் மோசமாக வரும்.

படுக்கையையும் சேர்த்தே பாருங்கள். தேவதாரு மரத்தூள், பதப்படுத்தாத பைன் மரச்சீவல் இரண்டும் வேண்டாம். மணம் நமக்கு நன்றாக இருக்கும், அந்த மணத்தைத் தரும் பொருள்கள்தான் எலியின் மூச்சுக்குழாயை அரிக்கின்றன. தூசு இல்லாத காகிதத் துண்டுகள் போதும். கண்ணாடித் தொட்டியில் காற்றோட்டம் கிடையாது, அம்மோனியா உள்ளேயே தேங்கும், எலியின் மூக்கு இருப்பதும் அங்கேதான். நின்றபடி மோந்து பார்த்துவிட்டு நாற்றம் இல்லை என்று சொல்லாதீர்கள், குனிந்து கூண்டின் தரைக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இதைக் கேட்டுவிட்டுத் தினமும் மொத்தத்தையும் கழுவவும் வேண்டாம். தன் வாசனை போய்விட்டதே என்று இன்னும் அதிகமாக மூத்திரம் தெளித்து வைக்கும். ஈரமான மூலையைத் தினமும் எடுங்கள், முழுச் சுத்தத்தின்போது பழைய படுக்கையில் ஒரு பிடியைத் திரும்பப் போடுங்கள்.

வாலைப் பிடித்துத் தூக்குவது

தோல் உறை மாதிரி உரிந்து கையோடு வரும், வேண்டாம்.

கம்பித் தரை

உள்ளங்கால் புண்ணாகும். துணி விரியுங்கள்.

புது எலியை நேராகக் கூண்டில் விடுவது

குறைந்தது இரண்டு வாரம் தனியாக வையுங்கள். பக்கத்துக் கூண்டு தனி ஆகாது, ஒரே அறை என்றால் ஒரே காற்றுதான். தொற்று நோய்கள் காற்றில் வரும், உங்கள் கையிலும் சட்டையிலும் வரும். முடிந்தால் வேறு வீட்டில் விட்டுவையுங்கள். அதன் பிறகும் எடுத்த எடுப்பில் பழைய எலியின் கூண்டில் போடாதீர்கள், அது அதன் கோட்டை. இரண்டுக்கும் பழக்கமில்லாத இடத்தில், குளியலறைத் தரையோ கட்டிலோ எதுவானாலும், விட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைக் கீழே தள்ளி மேலே நிற்பது, கத்துவது எல்லாம் நடக்கும், உடனே பாய்ந்து பிரிக்க வேண்டாம். முடியைச் சிலிர்த்துக்கொண்டு பக்கவாட்டில் நெருங்கினால் மட்டும் கவனம். அப்போது வெறுங்கையை நடுவில் விடாதீர்கள், கடி ஆழமாக இருக்கும், ஒரு துண்டைப் போட்டுப் பிரித்துவிடுங்கள்.

வெப்பம்

எலிக்கு நம்மைப் போல வியர்க்காது, சூட்டை வால் வழியாகத்தான் பெரிதும் வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே அவதிப்படும். கூண்டை ஜன்னல் வெயிலிலிருந்து தள்ளி வையுங்கள்.

பெண் எலியின் கட்டி

அக்குளில் வீக்கம் என்று காட்டுவார்கள், சுளுக்கோ என்று கேட்பார்கள். அது பெரும்பாலும் மார்பகக் கட்டி. எலிக்கு மார்பகத் திசு கழுத்திலிருந்து தொடை இடுக்கு வரை பரவியிருக்கிறது, அதனால் இந்தக் கட்டி எங்கே வேண்டுமானாலும் வரும். பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, ஆனால் வேகமாக வளர்ந்து நடக்கவிடாமல் செய்துவிடும். சுண்டைக்காய் அளவில் இருக்கும்போதே எடுப்பது சுலபம். எலியின் ஆயுளே 2, 3 வருடம் என்பதால் வயதான எலிக்கு அறுவை தேவையா என்று தயங்குவது நியாயம்தான். மயக்க மருந்தைத் தாங்குமா என்பதை நெஞ்சைச் சோதித்துவிட்டு மருத்துவர்தான் சொல்ல முடியும். நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர்களே அதிகம், எலி பார்ப்பவர் யார் என்று கூண்டு வாங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.