வள்ளத்தில் தூண்டிலுக்குப் போக: றொட்டும் தங்கூசியும்

திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் சின்ன வள்ளத்தில் விளைமீனுக்கும் பாரைக்கும் போகிற தம்பிமாருக்கு நான் முதலில் சொல்வது: பத்தடி றொட்டை, அதாவது தூண்டில் தடியை, கரையிலேயே விட்டுவிட்டு வாங்கோ. அது கரையில் நின்று எறிவதற்கு. வள்ளத்தில் நேரே கீழேதான் இறக்குகிறோம். ஆறரை, ஏழடி தாராளம். நுனி மெல்லியதாக, அடி விறைப்பாக இருக்கவேணும். கடையிலேயே நூல் ஓடும் வளையங்களின் உள்பக்கத்தைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கோ. பஞ்சு சிக்கினால் அங்கே வெடிப்பு. அது நூலைத் தின்றுவிடும்.

நூல் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிக் கடல் சட்டென்று ஆழமாகிறது. அந்த ஆழத்தில் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) இழுபட்டு நீளும்; மீன் கொத்துவது கைக்குத் தெரியாது. பல இழைகளைப் பின்னிய பின்னல் நூல் அப்படி நீளாது. அதே பலத்துக்குத் தங்கூசியைவிட மெல்லியது என்பதால் நீரோட்டமும் குறைவாகவே இழுக்கும், சின்ன ஈயமே தரைதட்டும். றீலில் 20 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் சுற்றுங்கோ. முதல் சில சுற்றுக்குத் தங்கூசி போடாவிட்டால் றீலில் வழுக்கும்.

ஆனால் கல்லில் உரசினால் பின்னல் நூல் உடனே அறும். ஆகவே நுனியில் ஒரு பாகம் (ஆறடி) நீளத்துக்கு 40 இறாத்தல் தாங்கும் தங்கூசி கட்டவேணும். முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்குங்கோ. காய்ந்தபடி இறுக்கினால் சூட்டில் பலம் போய்விடும். றீலின் பிரேக்கை ஆறு இறாத்தலுக்கு மேல் இறுக்கவேண்டாம்.

கல்லில் மாட்டினால் நூலை வெறுங்கையில் சுற்றி இழுக்கவே கூடாது, விரலை வெட்டும். ஒரு தடியில் சுற்றி இழுங்கோ.