நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருக்காதீர்கள்: கன்றுக்குச் சீம்பால் கொடுக்கும் முறை

பசுவின் வயிற்றில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் கன்றுக்குப் போய்ச் சேராது. அது கிடைக்க ஒரே வழி சீம்பால். அந்தப் புரதத்தைச் செரிக்காமல் முழுதாக இரத்தத்தில் சேர்க்கும் தன்மை பிறந்த கன்றின் குடலுக்கு உண்டு. ஆனால் 6 மணி நேரத்துக்குப் பின் அது வேகமாகக் குறையும். 24 மணி நேரத்தில் நின்றேவிடும். அதனால் "நஞ்சு (நஞ்சுக்கொடி) விழட்டும், பிறகு பால் காட்டலாம்" என்ற பழைய வழக்கம் கன்றுக்குப் பெரும் கேடு. நஞ்சு விழ 8 முதல் 12 மணி நேரம்கூட ஆகலாம். கன்று மடியை முட்டிக் குடித்தால் கருப்பை சுருங்கும்; நஞ்சு விழவும் அது உதவும்.

அளவு, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். பாதியைப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ளும், மீதியை 12 மணி நேரத்துக்குள்ளும் கொடுத்துவிடுங்கள். மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, முதல் பீய்ச்சலைத் தள்ளிவிட்டுக் கறக்க வேண்டும். அழுக்குப் பாத்திரத்துக் கிருமி புரதத்துக்கு முன்பே குடலைப் பிடித்துக்கொண்டால் சீம்பாலின் பயன் குறைந்துவிடும். ஆறிப்போனால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். அடுப்பில் நேராக வைத்தால் திரிந்துவிடும், எதிர்ப்புப் புரதமும் கெடும். திரட்டுப்பால் கிண்ட வேண்டுமானால் கன்று வயிறார குடித்த பிறகு மிஞ்சியதில் கிண்டலாம். முதல் கறவை கன்றுக்கே உரியது.

குடிக்கும்போது கன்றின் கழுத்து சற்று மேல்நோக்கி இருக்கட்டும். மாட்டுக்கு இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. உறிஞ்சும்போது உணவுக்குழல் பள்ளம் என்ற மடிப்பு குழாய்போல மூடிக்கொண்டு பாலை நேரே நான்காம் இரைப்பைக்கு அனுப்பும். வாயைப் பிளந்து ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போகலாம், அல்லது முதல் இரைப்பையில் தேங்கிப் புளித்துக் கழிச்சலாகலாம்.

இரண்டாம் வாரம் முதல் கைப்பிடி அளவில் கன்றுத் தீவனம் பழக்குங்கள். உடைத்த மக்காச்சோளம் 45, கடலைப் பிண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 22, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1 பங்கு. தானியம் முதல் இரைப்பையில் நொதிக்கும்போது உண்டாகும் பியூட்டிரிக் அமிலம்தான் அதன் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் சிறு முளைகளை வளர்க்கிறது. வைக்கோல் மட்டும் போட்டால் வயிறு உப்பும், முளை வளராது. பூசணம் பிடித்த பிண்ணாக்கு வேண்டவே வேண்டாம்; அதிலுள்ள நச்சு ஈரலையும் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துக் கெடுக்கும். சுத்தமான தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

கழிச்சல் கண்டால் பாலை நிறுத்தாதீர்கள். பட்டினியில் குடல் ஆறாது. பாலுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் கொடுங்கள். ஒரு நாளில் 2 முதல் 4 லிட்டர் வரை தேவைப்படும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியவில்லை, வாய் சில்லிட்டிருக்கிறது, சாணத்தில் இரத்தம், எழ முடியவில்லை என்றால் அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.